சந்திரதாலுக்கு எந்தப் பக்கமிருந்து போவது?

சந்திரதால் போகிறேன் என்று யாராவது சொன்னால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: எந்தப் பக்கமிருந்து? எந்த மாதம், எந்த வண்டி என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல்-ஸ்பிதி மாவட்டத்தில், சுமார் 4,300 மீட்டர் உயரத்தில் இருக்கும் பிறை வடிவ ஏரி அது. அங்கே போக இரண்டு வழி. மணாலியிலிருந்து அடல் சுரங்கப்பாதை வழியாகக் கிளம்பினால் ஒரே பகலில் தொட்டுவிடலாம். இல்லையென்றால் சிம்லாவில் தொடங்கி, சட்லெஜ் ஆற்றை ஒட்டிக் கின்னௌர் ஏறி, ஸ்பிதிப் பள்ளத்தாக்கை முழுக்கக் கடந்து, ஏழெட்டு நாளில் பின்பக்கமாக வந்து சேரலாம். பெரும்பாலான பயண விளம்பரங்கள் முதல் வழியைத்தான் சொல்கின்றன. உடம்புக்கு ஒத்துவருவது இரண்டாவது. கின்னௌர் வழியே ஏறி, ஏரியில் தங்கி, மணாலி வழியே இறங்குங்கள். இந்த ஒன்றை மட்டும் சரியாகச் செய்துவிட்டால் மற்றதில் கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் சமாளித்துக்கொள்ளலாம்.

காரணம் எளிமையான கணக்கு. மணாலி சுமார் 2,050 மீட்டர்; நம் கொடைக்கானல் அளவு உயரம். ஊட்டியின் தொட்டபெட்டா சிகரம்கூட (2,637 மீட்டர்) மணாலியைவிட உயரம். மணாலியில் காலையில் கிளம்பி இரவு சந்திரதால் கூடாரத்தில் படுத்தால், ஒரே நாளில் 2,000 மீட்டருக்கு மேல் ஏறிப் படுக்கிறோம். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, படுக்கும் இடத்தின் உயரம் ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது; மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரு நாள் அதே உயரத்தில் நின்று ஓய்வெடுக்க வேண்டும். மலை மருத்துவம் சொல்லும் அடிப்படை விதி இதுதான். மணாலி வழி இந்த விதியை ஒரே நாளில் அடித்து நொறுக்கிவிடுகிறது.

4,300 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 சதவீதம்தான். காற்றில் ஆக்சிஜனின் பங்கு அங்கேயும் அதே 21 சதவீதம். ஆனால் அழுத்தம் குறைவு என்பதால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் அளவு குறைந்துவிடுகிறது. உடம்பு வேகமாக மூச்சிழுத்து ஈடுகட்டப் பார்க்கும். அப்படி இழுக்கும்போது கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறி ரத்தத்தில் காரத்தன்மை கூடும். உடனே மூளை மூச்சை அடக்கு என்று சொல்லும். ஆக்சிஜன் போதவில்லை, மூச்சை வேகப்படுத்தவும் முடியவில்லை என்ற இந்த இழுபறியைச் சிறுநீரகம்தான் காரத்தன்மையுள்ள பைகார்பனேட்டை வெளியேற்றித் தீர்த்துவைக்கிறது. அதற்குச் சில நாள் பிடிக்கும். தினமும் பத்து கி.மீ. ஓடுகிறவருக்கும் அதே சில நாள்தான். உடற்பயிற்சி செய்து பழகியவர்கள் மூச்சு வாங்காமல் வேகமாக ஏறிவிடுவதால், அவர்களுக்குத்தான் பல நேரம் முதலில் தலை வலிக்கிறது.

கின்னௌர் வழி இந்த அவகாசத்தைத் தானாகவே கொடுத்துவிடும். சிம்லா சுமார் 2,200 மீட்டர். முதல் இரவு நார்கண்டாவிலோ சராஹனிலோ தங்கலாம். அடுத்து கல்பா, 2,960 மீட்டர். இங்கே இரண்டு இரவு. காலையில் எதிரே கின்னர் கைலாஷ் மலைத்தொடரில் வெளிச்சம் விழுவதைப் பார்க்கவே இரண்டு இரவு தங்கலாம், உடம்புக்கும் நல்லது. பிறகு நாக்கோவில் (சுமார் 3,660) மதியம் நின்றுவிட்டு, சற்றுக் கீழே இருக்கும் தாபோவில் (சுமார் 3,280) போய்ப் படுப்பது. பகலில் உயரம் தொட்டு இரவில் இறங்கிப் படுப்பதுதான் உடம்பைப் பழக்கும் சரியான முறை, இந்தச் சாலையில் அது தானாகவே அமைந்திருக்கிறது. அங்கிருந்து காஸா 47 கி.மீ. தான். காஸா சுமார் 3,700 மீட்டர். இங்கே குறைந்தது இரண்டு இரவு. பகலில் கிப்பர், லாங்ஸா, கோமிக் கிராமங்களுக்குப் போய்வாருங்கள். லாங்ஸா சுமார் 4,400, கோமிக் அதற்கும் மேல். சந்திரதாலைவிட உயரமான இடத்தில் சில மணி நேரம் இருந்துவிட்டுக் காஸாவில் வந்து படுக்கிறீர்கள். இதில் தலைவலி வந்தால் காஸாவிலேயே இன்னொரு நாள். வரவில்லையென்றால் நீங்கள் தயார்.

காஸாவிலிருந்து நேராக ஏரிக்குப் போகிறவர்கள்தான் அதிகம். நாள் இருந்தால் லோசரில் ஓர் இரவு தங்குங்கள். சுமார் 4,080 மீட்டரில், குன்சும் கணவாய்க்கு முன் ஸ்பிதியின் கடைசிக் கிராமம் அது. வீடுகளிலேயே தங்க இடம் தருவார்கள், சுடச்சுட சாப்பாடு கிடைக்கும். அங்கிருந்து காலையில் கிளம்பினால் ஏரிக்குச் சுமார் 40 கி.மீ., மூன்று மணி நேரம்.

கின்னௌர் சுற்ற நாளே இல்லை, மணாலி வழிதான் என்றால்? அப்போதும் ஓரளவு படியாக ஏறலாம். மணாலியில் இரண்டு இரவு. சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் சிஸ்ஸுவிலோ கேலாங்கிலோ (இரண்டுமே 3,100 மீட்டர் அளவு) ஒன்றிரண்டு இரவு. சத்ரூவில் (சுமார் 3,350) கூடாரத்தில் ஓர் இரவு. அதன் பிறகு சந்திரதால். இதற்கும் நாள் இல்லாதவர்கள் ஏரியைப் பகலில் பார்த்துவிட்டு அன்றே சத்ரூவுக்கு இறங்கிவிட வேண்டும். அது நீண்ட நாள், களைப்பான நாள். ஆனாலும் உடம்பு பழகாமல் அங்கே படுப்பதைவிட எவ்வளவோ மேல்.

இரவில் அங்கே என்ன நடக்கும்

உயர நோய் பெரும்பாலும் ஏறிய ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் தலைகாட்டும். மதியம் வந்து, படம் எடுத்து, சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர் இரவு பத்து மணிக்குத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவதற்கு இதுதான் காரணம். தலைவலி, கூடவே குமட்டல், பசியின்மை, கிறுகிறுப்பு, காரணமில்லாத சோர்வு. இவை இருந்தால் வேறு காரணம் உறுதியாகத் தெரியும்வரை உயர நோய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். "வெயில்ல நின்னுட்டேன், அதான்" என்று சொல்லிக்கொள்வது வழக்கமான ஏமாற்று. லேசாக இருந்தால் மேலே ஏறாமல் அங்கேயே ஓய்வெடுத்து, பாராசிட்டமால் போட்டு, தண்ணீர் குடித்துப் பார்க்கலாம். கூடினால் இறங்க வேண்டும்.

இரண்டு அறிகுறிகளில் எது தெரிந்தாலும் காத்திருக்கவே கூடாது. ஒன்று, நடை தடுமாறுவது. தரையில் ஒரு கோடு கிழித்து, ஒரு காலின் குதிகாலை மறு காலின் விரலில் ஒட்டிவைத்துப் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, ஆள் குழப்பமாகப் பேசினாலோ மூளையில் வீக்கம் தொடங்கியிருக்கலாம். மற்றொன்று, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவதும் இருமலும். நுரையீரலில் நீர் கோக்கிறது என்பதன் அடையாளம் அது. சளியில் நுரையோ ரத்தமோ தெரியும்வரை பார்த்துக்கொண்டிருந்தால் தாமதமாகிவிடும். இரண்டுக்குமே மருந்து என்பது கீழே இறங்குவதுதான், நடுராத்திரியாக இருந்தாலும் சரி. ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தால் இறங்கும் வழியெல்லாம் கொடுத்துக்கொண்டே போக வேண்டும்.

சந்திரதாலின் அமைப்பு சிக்கலாவது இங்கேதான். காஸாவில் சமூக சுகாதார மையம் இருக்கிறது. ஆனால் அங்கே போக முதலில் 4,550 மீட்டர் குன்சுமை ஏறிக் கடக்க வேண்டும். மூச்சுத் திணறும் ஒருவரை இன்னும் மேலே ஏற்றுவது ஆபத்து. மறுபக்கம், மணாலிச் சாலையில், பாதல் என்ற இடம் அருகில் இருக்கிறது, ஆனால் அதுவே சுமார் 3,960 மீட்டர். ஏரியைவிட முந்நூறு மீட்டர்தான் கீழே. உருப்படியாக இறங்கியாயிற்று என்று சொல்ல சத்ரூவரையாவது போக வேண்டும். இருட்டில், கல் சாலையில், ஓடைகளைத் தாண்டி, நான்கு மணி நேரத்துக்குக் குறையாது. ஆகவே மாலை ஐந்து மணிக்கே கூட்டத்தில் ஒவ்வொருவரையும் உட்காரவைத்துக் கேளுங்கள்: தலை எப்படி இருக்கிறது, மதியம் சாப்பிட்டாயா, சிறுநீர் போயிற்றா? சந்தேகமாக இருக்கிறவரை வெளிச்சம் இருக்கும்போதே இறக்கிவிடலாம். குழந்தைகளுக்குச் சொல்லத் தெரியாது. சாப்பாட்டைத் தள்ளிவிட்டுச் சிணுங்கிக்கொண்டு ஓரமாகச் சுருண்டுகொள்ளும் குழந்தைக்கும் இதே விதிதான். உடன் வந்த ஓட்டுநரையும் கேட்க மறக்காதீர்கள். தலை வலித்தாலும் அவர் சொல்லமாட்டார், நாளைக்கு உங்களை இறக்கப்போவது அவர்தான்.

டயமாக்ஸ் என்ற பெயரில் கிடைக்கும் அசிட்டசோலமைடு பற்றிப் பலரும் கேட்பார்கள். முன்பு சொன்ன பைகார்பனேட் வேலையைச் சிறுநீரகம் சீக்கிரம் முடிக்க உதவும் மருந்து அது. பெரியவர்களுக்குத் தடுப்பு அளவு பொதுவாக 125 மில்லிகிராம், காலையும் மாலையும். அதாவது 250 மாத்திரையில் பாதி. ஏறுவதற்கு முந்தைய நாள் தொடங்கி, உச்ச உயரத்தில் இரண்டு நாள்வரை. விரல்நுனி மரமரக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், சோடா பானங்கள் ருசி கெட்டுப்போகும். இவை பயப்பட வேண்டியவை இல்லை. சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. உண்மையில் எல்லோருமே ஊரிலேயே மருத்துவரைக் கேட்டு, ஒரு நாள் போட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது. மாத்திரை போட்டுவிட்டோம் என்று மணாலியிலிருந்து ஒரே தாவாகத் தாவலாம் என்று அர்த்தமில்லை.

கடைகளில் விற்கும் ஸ்பிரே ஆக்சிஜன் கேன் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். அதை நம்பி ஓர் இரவைத் திட்டமிடக் கூடாது. கற்பூரம் முகர்ந்தால் மூக்கு திறந்தாற்போல இருக்கும், ரத்தத்தில் ஆக்சிஜன் அதிகரிக்காது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் உதவும், ஆனால் விரல் சில்லிட்டிருந்தால் தப்பான எண்ணைக் காட்டும். கையை நன்றாகத் தேய்த்துச் சூடாக்கி, ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். பழகியவருக்கே அந்த உயரத்தில் எண்பதுகளில்தான் காட்டும். ஒரு எண்ணைப் பார்த்துப் பதறுவதைவிட, அது மணிக்கு மணி இறங்குகிறதா, ஆள் எப்படி இருக்கிறார் என்று பார்ப்பதே பயன். மது, தூக்க மாத்திரை இரண்டும் தூக்கத்தில் மூச்சைக் குறைக்கும். அங்கே வேண்டாம்.

சாலை, அதாவது தண்ணீர்

மணாலி பக்கத்தில் இந்தச் சாலை பிரியும் கிராம்ஃபூவிலிருந்து பாதல் வரை ஏறக்குறைய 50 கி.மீ. வரைபடத்தில் தேசிய நெடுஞ்சாலை 505 என்று போட்டிருக்கும். தரையில் பெரும்பகுதி உருண்டைக் கற்களும் சேறும் ஓடையும்தான். நான்கு மணி நேரம் என்று கணக்கு வையுங்கள். பனிப்பாறைகளிலிருந்து இறங்கும் ஓடைகள் பல இடங்களில் பாலம் எதுவும் இல்லாமல் சாலையின் மேலேயே ஓடும். நாலா என்பார்கள். சத்ரூவைச் சுற்றி இருப்பவை பேர்போனவை.

நாலாவின் குணம் நேரத்துக்கு நேரம் மாறும். இரவில் மேலே பனி உறைந்துவிடுவதால் விடியற்காலையில் தண்ணீர் மிகக் குறைவு. வெயில் ஏறப் பனி உருகும். உருகிய நீர் சாலைக்கு வந்துசேரக் கொஞ்ச நேரம் பிடிப்பதால் மதியத்துக்குப் பிறகு மாலைவரை பெருக்கெடுக்கும். காலை எட்டு மணிக்குக் கணுக்கால் அளவு ஓடியது மாலை நான்கு மணிக்கு முழங்காலைத் தாண்டும். மணாலி பக்கமிருந்து வந்தால் விடிவதற்கு முன் கிளம்பி, பத்து மணிக்குள் சத்ரூவைக் கடந்துவிட வேண்டும். மணாலிக்குத் திரும்பும்போதும் அதே: ஏரியிலிருந்து ஆறு மணிக்குள் வண்டி எடுக்க வேண்டும். காஸா பக்கத்திலிருந்து ஏரிவரை இந்தத் தொல்லை மிகக் குறைவு. அந்த வழியே போகச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

ஒரு நாலாவை எப்படிக் கடப்பது? முதலில் வண்டியை நிறுத்தி இறங்குங்கள். முன்னால் போகும் வண்டி எந்தத் தடத்தில் போகிறது, எந்தச் சக்கரம் எங்கே பள்ளத்தில் இறங்குகிறது என்று பாருங்கள். தண்ணீர் வேகமாக ஓடி நுரைக்கும் அகலமான இடத்தில் பெரும்பாலும் ஆழம் குறைவு. அமைதியாகத் தேங்கிக் கறுத்துத் தெரியும் இடத்தில்தான் குழி. நின்று காது கொடுங்கள். அடியில் கற்கள் ஒன்றோடொன்று மோதி உருளும் கடகடச் சத்தம் கேட்டால் அந்த ஓடையைக் கடக்கக் கூடாது. வண்டியைத் தள்ளுவதற்குத் தண்ணீரே போதும், கல்லும் சேர்ந்தால் நிற்காது. தண்ணீர் குறையும்வரை காத்திருங்கள். தேவைப்பட்டால் மறுநாள் காலைவரை.

கடப்பதென்று முடிவெடுத்தால் முதல் கியர், சீரான ஆக்ஸிலரேட்டர், நடுவில் கியர் மாற்றமோ கிளட்சோ கூடாது. வேகம் நடக்கிற வேகம்தான். பாய்ந்து இறங்கினால் முன்பக்கம் அலை எழும்பி காற்று வடிகட்டி வழியாகத் தண்ணீர் எஞ்சினுக்குள் போய்விடும். எதிரே வண்டி வந்தால் அது கரையேறும்வரை இந்தக் கரையில் நில்லுங்கள். தண்ணீருக்குள் எஞ்சின் நின்றுவிட்டால் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் பிஸ்டன் அதை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கயிறு கட்டி இழுத்துச் சரியாகியிருக்க வேண்டிய வண்டி, லாரியில் ஏறி ஊருக்குப் போகும். கரையேறியதும் மெதுவாகப் போய்க்கொண்டே பிரேக்கை இரண்டு மூன்று முறை லேசாக மிதியுங்கள், ஈரம் காயும்.

பைக்கில் போகிறவர்கள் பின்னால் இருப்பவரை இறக்கிவிட்டு, முடிந்தால் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு ஓட்ட வேண்டும். கண் தண்ணீரைப் பார்க்கக் கூடாது, எதிர்க்கரையைப் பார்க்க வேண்டும். ஓடும் நீரையே பார்த்தால் வண்டி தானாக அந்தப் பக்கம் சாயும். ஷூவுக்குள் தண்ணீர் போயே தீரும். அந்தக் குளிரில் நனைந்த காலுறையோடு இரண்டு மணி நேரம் ஓட்டினால் விரல்களில் உணர்வே இருக்காது. மாற்றுக் காலுறை இரண்டு ஜோடியை மேலாகவே வைத்திருங்கள்.

வண்டியைப் பற்றிச் சில விஷயம். டர்போ இல்லாத எஞ்சின் அந்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு சக்திக்கு மேல் இழக்கும். ஐந்து பேரும் மூட்டையும் ஏற்றிய சிறிய கார் குன்சும் வளைவுகளில் முதல் கியரிலேயே முனகும். கார்புரேட்டர் வைத்த பழைய பைக்குகளில் காற்றுக் குறைவால் பெட்ரோல் மிகுந்து கரும்புகை வரும், ஐடிலிங்கில் அணைந்துபோகும். எரிபொருள் ஊசி முறை உள்ள வண்டிகள் தாமாகச் சரிசெய்துகொள்ளும். டயரில் பஞ்சரைவிடப் பக்கச்சுவர் கிழிவதுதான் அங்கே அதிகம். அது ரப்பர் திரி செருகி அடைக்கிற வேலை இல்லை. அதனால் ஸ்டெப்னியில் காற்று சரியாக இருக்கிறதா, ஜாக்கி வேலை செய்கிறதா என்று மணாலியிலோ காஸாவிலோ பார்த்துவிடுங்கள். ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு பலகைத் துண்டும் வேண்டும், கூழாங்கல் தரையில் அது சரிந்துவிடும். மெத்தென்று இருக்கட்டும் என்று டயரில் காற்றைக் குறைப்பவர்கள் உண்டு; கூரான கற்களில் பக்கச்சுவர் நசுங்கிக் கிழிவது அதனாலும்தான்.

எரிபொருள் காஸாவில் கிடைக்கும். மணாலிக்கும் காஸாவுக்கும் இடையில் இந்தச் சாலையில் வேறு பங்க் இல்லை. ஏரிக்கான விலகலையும் சேர்த்தால் இருநூறு கி.மீ.க்கு மேல், அதில் பாதி முதல் இரண்டு கியரில். வழக்கமான மைலேஜில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துக் கணக்குப் போடுங்கள்.

ஏரிக்குப் பிரியும் சாலை குன்சுமுக்கும் பாதலுக்கும் நடுவில், பாதலிலிருந்து சில கி.மீ. மேலே இருக்கிறது. ஒரு வண்டி மட்டும் போகும் அகலம், ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கீழே சந்திரா ஆறு. பன்னிரண்டு கி.மீ. போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எதிரே வண்டி வந்தால் ஒதுங்கும் இடம்வரை யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டும். ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுவது மலை மரியாதை. போகும்போதே ஒதுங்கும் இடங்களை மனதில் குறித்துக்கொண்டே போங்கள், ரிவர்ஸ் எடுக்கும்போது கைகொடுக்கும்.

ஏரிக்கரையில்

சந்திரதால் 2005-இல் ராம்சர் ஈரநிலமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. கரையில் கூடாரம் போட அனுமதி இல்லை. தங்கும் கூடாரங்கள் ஏரிக்குச் சில கி.மீ. முன்பே ஒரு சரிவில் இருக்கின்றன. வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து சுமார் ஒரு கி.மீ. நடக்க வேண்டும். மேடு அதிகம் இல்லை. இருந்தாலும் அங்கே ஒரு கி.மீ. என்பது நிதானமாக அரை மணி.

வந்த அன்று மாலையே ஒருமுறை போய் மெதுவாகப் பார்த்துவிடுங்கள். ஆனால் ஏரி தன்னைக் காட்டுவது மறுநாள் காலையில்தான். பிற்பகலில் பள்ளத்தாக்கில் காற்று எழும்பி நீர்ப்பரப்பு முழுக்கச் சிற்றலையாகிவிடும். விடிந்து ஒன்றிரண்டு மணி நேரம் காற்று அசையாது. முதலில் எதிரே இருக்கும் மலைகளின் முனை மட்டும் செம்மை பூசும், தண்ணீர் இன்னும் ஈயநிறத்தில் இருக்கும். வெயில் சரிவில் இறங்க இறங்கத் தண்ணீர் கரும்பச்சையாகி, பிறகு நீலமாகும். கரையோரம் குனிந்து பார்த்தால் அடியில் கிடக்கும் கூழாங்கல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். நாலைந்து அடி தள்ளிப் பார்த்தால் அதே தண்ணீர் அடி தெரியாமல் நிறம் மாறியிருக்கும். பெரிய ஓடை எதுவும் உள்ளே வந்து விழுவது கண்ணுக்குத் தெரியாது, ஒரு முனையில் மட்டும் தண்ணீர் வழிந்து சந்திரா ஆற்றை நோக்கிப் போகும். அந்தச் சந்திரா கீழே தாண்டியில் பாகாவோடு சேர்ந்து சந்திரபாகாவாகி, செனாப் என்ற பெயரில் ஜம்மு-காஷ்மீருக்குள் நுழைகிறது.

ஏரியைச் சுற்றிவரப் பாதை இருக்கிறது. நின்று நின்று போனால் இரண்டு மணி நேரம். பிரார்த்தனைக் கொடிகளும் கல்லடுக்குகளும் உள்ள இடத்தை அங்குள்ளவர்கள் வலமாகத்தான் சுற்றுவார்கள், நாமும் அப்படியே போவோம். தண்ணீரில் இறங்குவது தடை. தடை இல்லாவிட்டாலும் இறங்கக் கூடாது: உருகுபனி நீரில் திடீரென்று மூழ்கினால் உடம்பு தன்னையறியாமல் பெருமூச்சு இழுக்கும், அந்த ஒரு மூச்சில் தண்ணீர் உள்ளே போய்விடும்.

குப்பையைப் பற்றிக் கோபமில்லாமல் எழுத முடியவில்லை. அந்தக் குளிரிலும் வறட்சியிலும் எதுவும் சீக்கிரம் மக்காது. துணிபோல இருக்கும் ஈரத் துடைப்பான் பிளாஸ்டிக் கலந்தது. பல வருடம் அங்கேயே கிடக்கும். ஆரஞ்சுத் தோலைக்கூடப் பையில் போட்டு மணாலிவரை கொண்டுவாருங்கள். ஏரியில் சோப்புப் போட்டு முகம் கழுவ வேண்டாம்.

இரவுக் குளிர் ஜூலையிலேயே பூஜ்ஜியத்தை ஒட்டி வரும், செப்டம்பரில் அதற்குக் கீழே போகும். கூடாரத்தில் கனமான ரஜாய் (பஞ்சு அடைத்த போர்வை) தருவார்கள். உடம்போடு ஒட்டிய உள்ளாடை, அதன் மேல் கம்பளி அல்லது ஃபிளீஸ், காற்றுத் தடுக்கும் மேல்சட்டை, காதை மூடும் குல்லா, உலர்ந்த காலுறை போதும். வியர்த்த சட்டையைப் படுப்பதற்கு முன் மாற்றிவிடுங்கள். ஈரம்தான் குளிரைவிட மோசம். வெந்நீர் நிரப்பிய உலோகப் புட்டியைக் காலுறைக்குள் போட்டுக் காலடியில் வைத்துக்கொண்டால் விடியும்வரை இதம். கைபேசியையும் கேமரா பேட்டரியையும் கூடவே ரஜாய்க்குள் வைத்துக்கொள்ளுங்கள், வெளியே விட்டால் காலையில் சார்ஜ் பாதியாகியிருக்கும்.

அங்கே தண்ணீர் சுமார் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும். கிருமி சாகும், குடிக்கலாம். சாதம்தான் குக்கர் இல்லாமல் வேகாது. சொந்தமாகச் சமைக்கிறவர்கள் சிறிய குக்கரை எடுத்துப்போக வேண்டும். பகல் வெயில் குளிர்ச்சியாக இருந்தாலும் தோலை உரித்துவிடும். ஜூனில் குன்சுமில் பனி கிடக்கும்போது கறுப்புக் கண்ணாடி இல்லாமல் நடந்தால் அன்று இரவே கண்ணில் மணல் போட்டாற்போல எரியும்.

எப்போது, எத்தனை நாள்

குன்சும் பனியை எல்லைச் சாலை அமைப்பு அகற்றிய பிறகுதான் வழி திறக்கும். வழக்கமாக ஜூனில், எந்தத் தேதி என்பது அந்த வருடத்துப் பனியைப் பொறுத்தது. ஜூனில் பனிச்சுவர்களும் உருகுநீரும் அதிகம். ஜூலை, ஆகஸ்டில் ஸ்பிதி மழை மறைவுப் பகுதியாக இருந்தாலும் குலுவும் கின்னௌரும் மழையில் நனைவதால் போகும் வழியில் மண் சரியும். செப்டம்பர்தான் சிறந்தது: ஓடைகள் வற்றியிருக்கும், வானம் தெளிந்திருக்கும், அமாவாசையை ஒட்டிப் போனால் பால்வெளி தலைக்கு மேல் தெரியும். மாதக் கடைசியில் பனி எதிர்பாராமல் வரலாம். கூடாரங்களும் அப்போது மூட்டைகட்டத் தொடங்கிவிடும்.

பனிக்கு மாதக் கணக்கும் தெரியாது. 2023 ஜூலை இரண்டாம் வாரத்தில் கொட்டிய பனியில் சுமார் 300 பேர் ஏரிக் கூடாரங்களில் நாட்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். லோசர் பக்கமிருந்து குன்சும் வழியாகப் பனியை வெட்டிக்கொண்டே போய்த்தான் அவர்களை மீட்டார்கள். ஆகவே திரும்பும் விமானச் சீட்டுக்கு முன் இரண்டு நாள் காலியாக விடுங்கள். இரண்டு நாளுக்குத் தேவையான கூடுதல் மருந்தும் பணமும் கையில் இருக்கட்டும். அங்கே சிக்னல் இல்லை, ஆகவே யு.பி.ஐ. இல்லை. ரொக்கத்தைச் சிம்லாவிலோ மணாலியிலோ எடுத்துவிடுங்கள், காஸா ஏ.டி.எம்.மை முழுசாக நம்ப முடியாது.

சொந்த வண்டி இல்லாதவர்களுக்கு இமாசல அரசுப் பேருந்து இருக்கிறது. கின்னௌரில் உள்ள ரெக்காங் பியோவிலிருந்து காஸாவுக்குக் காலையில் பேருந்து உண்டு. கோடையில் வழி திறந்த பிறகு காஸாவுக்கும் மணாலிக்கும் இடையே பாதல் வழியாக ஓடும். ஏரிக்குப் பேருந்து போகாது. பிரிவில் இறங்கி நடக்க வேண்டும், சுமையோடு ஐந்தாறு மணி நேரம். காஸாவிலேயே ஆள் சேர்த்து வண்டி பேசிப் போவதுதான் பெரும்பாலோர் செய்வது.

இந்தியர்களுக்கு இந்தச் சுற்றில் உள்ளெல்லை அனுமதி (எல்லையோரப் பகுதிக்குள் போவதற்கான அனுமதி) தேவையில்லை. வெளிநாட்டவர் கின்னௌரிலிருந்து ஸ்பிதிக்குள் வரும் பகுதிக்கு ரெக்காங் பியோவிலோ சிம்லாவிலோ முன்கூட்டியே வாங்க வேண்டும். அடல் சுரங்கம் வழியாகப் போனால் ரோதங் பெர்மிட் வேண்டாம், ரோதங் கணவாய் மேலேயே ஏறிப் போவதாக இருந்தால்தான் அது வேண்டும்.

லோசரைத் தாண்டும் முன் வீட்டுக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். இன்ன தேதி மணாலி வழியில் உள்ள கோக்சர் பக்கம் வந்து சிக்னல் கிடைத்ததும் அழைக்கிறேன், இரண்டு நாள் தள்ளினாலும் பதற வேண்டாம், மூன்றாம் நாளும் அழைப்பு இல்லையென்றால் மட்டும் இந்தக் கூடாரக்காரரையும் கேலாங்கில் உள்ள மாவட்டக் கட்டுப்பாட்டு அறையையும் கேளுங்கள் என்று எண்களோடு எழுதிவிடுங்கள். வண்டி எண்ணையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள்.